ஆயக்கட்டு இல்லாத ஏரி

விவசாயி இல்லாமல் போன புறநகரில் ஏரிக்காகப் பேசும் உரிமை யாருக்கு? மாடம்பாக்கம் முன்வைக்கும் கேள்வி

தாம்பரம் - வேளச்சேரி சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் தெற்கே திரும்பினால் மாடம்பாக்கம். தூங்கானை மாட வடிவத்தில் எழுந்த சோழர் காலத் தேனுபுரீஸ்வரர் கோயிலும் பெரிய ஏரியும் இந்த ஊரின் இரண்டு பழைய அடையாளங்கள். ஏரி இருந்ததால் நெல் விளைந்தது. நெல் விளைந்ததால் கோயில் நிலைத்தது. செங்கல்பட்டுச் சீமை முழுவதற்கும் பொருந்தும் வரலாறு இது. இன்றும் கோயில் இருக்கிறது, ஏரியும் இருக்கிறது. ஏரிக்குள் வெட்டிய கிணறுகளிலிருந்து சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் போகிறது. ஆனால் ஏரிக்கரைக்குக் கீழே நஞ்சை இருந்த இடத்தில் பெரும்பாலும் வீட்டு மனைகள்தான். ஓர் ஏரியின் மதகு வழியே தண்ணீர் பெற உரிமையுள்ள வயல்களின் தொகுப்பை ஆயக்கட்டு என்கிறோம். தென்சென்னைப் புறநகரில் பல ஏரிகள் இப்போது ஆயக்கட்டு இல்லாத ஏரிகளாக நிற்கின்றன. பாசனத்துக்காக வெட்டிய ஏரி பாசனம் போன பிறகும் தண்ணீரைத் தேக்கத்தான் செய்யும். அதைத் தன்னுடையது என்று சொல்லிக் கேள்வி கேட்க உரிமையுள்ளவர் மட்டும் அங்கே இல்லை.

விவசாயிகளின் அரசியல் செல்வாக்கு என்றதும் கடன் தள்ளுபடியும் இலவச மின்சாரமும் தலைநகரை முற்றுகையிட்ட டிராக்டர்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தச் செல்வாக்கு உண்மையானது. அதற்காக உயிர்கள் போயிருக்கின்றன. ஆனால் விவசாயிக்கு இன்னொரு வகை அதிகாரமும் இருந்தது. ஊரின் தண்ணீர், கால்வாய், மேய்ச்சல் நிலம் ஆகிய பொதுச் சொத்துகளின் மேல் அன்றாடம் கண் வைத்து, தவறு நடந்தால் தட்டிக்கேட்கும் அதிகாரம் அது. முதல் வகை அதிகாரத்தை எல்லாக் கட்சிகளும் மதிக்கின்றன. இரண்டாவது வகை, ஓசையில்லாமல், எந்தத் தேர்தலிலும் விவாதப் பொருளாகாமல், நம் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது. அது மறைந்ததற்கான விலையை ஊரைவிட்டுப் போன விவசாயி கொடுக்கவில்லை. அந்த வயலில் வீடு கட்டிக் குடியேறிய நாம்தான் கோடையில் டேங்கர் லாரிக்கும், மழைக்காலத்தில் முழங்கால் வெள்ளத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே விவசாயியின் குரல் என்பது விவசாயியின் பிரச்சினை மட்டும் என்று நகரத்தில் வாழ்பவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

எண்ணிக்கை வேறு, செல்வாக்கு வேறு

ஜனநாயகத்தில் தலைகளை எண்ணினால் போதும், செல்வாக்கை அளந்துவிடலாம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. விவசாயிகளின் வரலாறு அதைப் பொய்யாக்குகிறது. பொருளியல் அறிஞர் மைக்கேல் லிப்டன் 1977-ல் எழுதிய நூலில், ஏழை நாடுகளில் மக்கள்தொகையின் பெரும்பகுதி கிராமத்தில் வாழ்ந்தும் முடிவெடுக்கும் இடம் நகரத்தின் பக்கமே சாய்கிறது என்று வாதிட்டார். கிராமத்தார் பலர்; ஆனால் சிதறிக் கிடப்பவர்கள். நகரத்தார் சிலர், ஆனால் அமைச்சகத்துக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் பக்கத்தில் இருப்பவர்கள். பணக்கார நாடுகளிலோ நிலைமை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேளாண்மைக் கொள்கைக்குப் போகிறது. மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியாகிவிட்ட விவசாயிகள் 2024-ன் தொடக்கத்தில் டிராக்டர்களோடு சாலைக்கு வந்தபோது, பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டைக் குறைக்கும் சட்ட முன்வரைவையே ஒன்றியம் திரும்பப் பெற்றது. நெதர்லாந்தில் 2019-ல் தொடங்கப்பட்ட விவசாயி - குடிமக்கள் இயக்கம் 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் முதலிடம் பிடித்தது. எண்ணிக்கை குறைந்தும் செல்வாக்கு குறையாததற்குக் காரணம், அங்கெல்லாம் விவசாயிகளிடம் பல தலைமுறைகளாக வேர்விட்ட கூட்டுறவுகளும் சங்கங்களும் இருந்ததுதான். செல்வாக்கைத் தாங்கி நிற்பது அமைப்பு.

தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே நகர்ப்புறத்தில் வாழ்பவர்கள் 48 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். நிலம் வைத்திருப்பவர்களில் 10-ல் 9 பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். தென்சென்னைப் புறநகரில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்தானது. மாநிலத்திலேயே வாக்காளர் மிக அதிகமுள்ள தொகுதிகளில் ஒன்றாகச் சோழிங்கநல்லூர் வளர்ந்திருக்கிறது. பக்கத்தில் தாம்பரம், பல்லாவரம் தொகுதிகளும் அப்படியே. இங்கே மிச்சமிருக்கும் சில நூறு உழவர் குடும்பங்கள் எந்த வேட்பாளரின் கணக்கிலும் வரமாட்டா. திருவையாற்றிலோ மன்னார்குடியிலோ காவிரியைப் பற்றிப் பேசாமல் ஒரு வேட்பாளர் ஓட்டுக் கேட்க முடியாது. அந்த அழுத்தத்தின் விளைவாகத்தான் 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏரி மாவட்டம் என்று பெயர்பெற்ற செங்கல்பட்டுக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் அதற்கு நேரான விடை.

சாலைக்கு வந்த மாட்டுவண்டிகள்

தமிழ்நாட்டு விவசாயிகள் தங்கள் கூட்டு வலிமையை உணர்ந்த இடம் கொங்கு மண்டலம். பம்ப்செட் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் திரண்ட விவசாயிகள்மீது 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூவர் இறந்தார்கள். 1972-ல் மாட்டுவண்டிகள் கோவை நகரத்தை முடக்கின. அதே ஆண்டு ஜூலை 5 அன்று மேலும் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளை உழவர் அமைப்புகள் இன்றும் நினைவுகூர்கின்றன. இந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. நாயுடு 1982-ல் தொடங்கிய அரசியல் கட்சி வளரவில்லை. 1984-ல் அவர் மறைந்தார். ஆனால் அவர் எழுப்பிய கோரிக்கையை இரண்டு பெரிய கட்சிகளும் தமதாக்கிக்கொண்டன. 2006-ல் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய், 2016-ல் 5,780 கோடி, 2021-ல் 12,110 கோடி என்று கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி ஆயின. முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்ததும் போடும் முதல் கையெழுத்துகளில் ஒன்று உழவருக்கானது என்ற நிலையே உருவானது. 2021-ல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட்டும் வந்தது.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாமே தனித்தனி விவசாயியின் கணக்கில் சேரும் பலன்கள். கடன் தள்ளுபடி ஒரு பெயருக்கு, மின் இணைப்பு ஒரு கிணற்றுக்கு. அரசால் கொடுக்கக்கூடியவை; கொடுத்ததை எண்ணிச் சொல்லி வாக்குக் கேட்கக்கூடியவை. ஏரி அப்படிப்பட்டதல்ல. அதைத் தூர்வாருவதும், வரத்துக்கால்வாயைத் திறந்து வைப்பதும், உபரிநீர் வழியும் கலங்கலின் உயரத்தைக் காப்பதும் யாருடைய பெயரிலும் தனியாக வரவு வைக்க முடியாத வேலைகள். அவற்றைச் செய்ய ஊர் கூட வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த செய்தியைச் சொல்கின்றன. மாடம்பாக்கத்திலிருந்து ஒரு நாள் பயணத்தில் போய் வரும் தூரம்தான் உத்திரமேரூர். பின்னாளில் குடிமராமத்து என்று பெயர்பெற்ற ஊர்க்கூட்டு உழைப்பை, 1858-ல் ஆங்கிலேய அரசு சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. நெடுங்காலம் தானாக நடந்துவந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டதே, அந்த அமைப்பு அப்போதே தளரத் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது.

பம்ப்செட் வந்தது, மதகு மறந்தது

இங்கேதான் வருத்தத்தோடு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். விவசாயியின் முதல் வகை அதிகாரம் பெற்ற வெற்றியே இரண்டாவது வகை அதிகாரத்தை மெலிய வைத்தது. கிணறும் பம்ப்செட்டும் இலவச மின்சாரமும் உள்ள விவசாயிக்கு ஏரி மதகு எப்போது திறக்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை. காத்திருக்கத் தேவையில்லாதவர் கூட்டத்துக்கும் வருவதில்லை, கரைக்கு மண் போடவும் வருவதில்லை. கொங்கு நாட்டின் ஆழ்கிணற்று விவசாயிக்கு உயிர் காத்த திட்டம், செங்கல்பட்டின் ஏரிப்பாசன ஊர்களில் ஏரியைச் சுற்றி இருந்த கூட்டுறவை உள்ளிருந்து அரித்தது. 1980-ல் கர்ணம், மணியம் ஆகிய பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிக்கப்பட்டது சமூக நீதிக்குத் தேவையான நடவடிக்கை. ஆனால் ஏரி, கால்வாய், புறம்போக்கு எல்லைகளைப் பற்றிய உள்ளூர் அறிவை அந்தப் பதவிகளில் இருந்தவர்களிடமிருந்து எடுத்து ஊர்ப் பொதுவில் வைக்க மாற்று ஏற்பாடு எதுவும் வரவில்லை. அடுத்த கட்டமாக, சென்னை தெற்கே பெருகியபோது, புறநகர்க் கிராமங்களின் விவசாயக் கிணறுகள் டேங்கர் லாரிகளுக்குத் தண்ணீர் விற்கும் கிணறுகளாயின. நெல்லைவிடத் தண்ணீருக்கு விலை கூடுதல். தண்ணீரைவிட மனைக்கு விலை கூடுதல். ஒவ்வொரு படியிலும் தனி மனிதரின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஊரின் கணக்குதான் தவறியது.

அரசு இதை உணராமலும் இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைத்துத் தேர்தல் நடத்த அது வழிசெய்தது. 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் மீண்டும் தொடங்கியது. அதன் தொடக்க விழா நடந்த இடம், தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரைத் தாண்டி இருக்கும் மணிமங்கலம் ஏரி. செலவில் 10-ல் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ பயனாளி விவசாயிகள் தர வேண்டும் என்பது விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் இரண்டு ஏற்பாடுகளுக்கும் அடிப்படை ஒன்றே: ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவரே உறுப்பினர். நிலம் மனையாகிவிட்டால் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லையென்றால் சங்கம் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு சிறு விவசாயி எழுந்து நின்று, மதகு பழுதாகி மூன்று மாதமாகிறது என்று நீர்வளத் துறைப் பொறியாளரை நேருக்கு நேர் கேட்க முடியும், பதிலும் பதிவாகும். அதே ஏரியின் கீழே அடுக்குமாடியில் வாழும் 5,000 பேருக்கு அப்படியொரு நாற்காலி எந்தக் கூட்டத்திலும் இல்லை.

கிராம சபையிலிருந்து பகுதி சபாவுக்கு

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உயிர் கொடுத்தன. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வரவுசெலவு, தணிக்கை, பயனாளிகள் பட்டியல் எல்லாம் அங்கே வைக்கப்பட வேண்டும். இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது; அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று தகுதி உயரும் நொடியில் கிராம சபை இல்லாமல் போகிறது. மாடம்பாக்கம் பேரூராட்சியாக இருந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் கரைந்தது. 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்த 70 வார்டு மாநகராட்சி அது. நகரங்களுக்கும் மக்கள் சபை வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையை ஏற்று வார்டு குழுவும் பகுதி சபாவும் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதலமைச்சர் கலந்துகொண்ட பகுதி சபா கூட்டம் நடந்தது இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான். வரவேற்கத்தக்க தொடக்கம். ஆனால் பகுதி சபாவில் குழாய், குப்பை, தெருவிளக்கு பற்றிக் கோரிக்கை வைக்கலாம். ஏரி நீர்வளத் துறையின் கையில், புறம்போக்கு வருவாய்த் துறையின் கையில், மனை அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில். சபாவில் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் இவர்களில் யாருக்கும் இல்லை.

இந்த மாற்றம் மாடம்பாக்கத்தோடு முடியவில்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நெடுந்தொலைவு வரை உள்ள கிராமங்கள் இனி நகரத் திட்டமிடலின் வரைபடத்துக்குள் இருக்கின்றன. நகர்ப்புற உள்ளாட்சிகளோடு ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்புகள் 2025-ன் தொடக்கத்தில் வந்தபோது மாநிலமெங்கும் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. வரி கூடும், நூறு நாள் வேலை போகும் என்பவை மக்கள் சொன்ன முதல் காரணங்கள். அந்தக் கவலை நியாயமானது. எனினும் அதைவிட ஆழமான இழப்பு, ஊர் கூடித் தீர்மானம் போடும் அந்த உரிமையே போவதுதான்.

அரிட்டாபட்டியும் ஏகனாபுரமும்

தீர்மானம் வெறும் காகிதம்தானே என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர்களைக் காட்டலாம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு 2024 நவம்பர் 7 அன்று வெளியானது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்தச் சுரங்க எல்லைக்குள் வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் ஊர் ஊராகக் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மூன்றே மாதங்களுக்குள் கிடைத்த இந்த வெற்றியில் முன்னின்ற அமைப்புகளில் ஒன்று முல்லைப் பெரியாறு ஒருபோகப் பாசன விவசாயிகள் சங்கம். சுரங்கத்தை எதிர்க்கப் புதிதாக ஓர் அமைப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் பங்கிடுவதற்காக ஏற்கெனவே கூடிப் பழகியவர்கள், நிலத்துக்கு ஆபத்து வந்ததும் அரசியல் சக்தியாக எழுந்தார்கள். ஏரியையும் கால்வாயையும் சுற்றிய கூட்டுவாழ்வு எப்படி அரசியல் செல்வாக்காக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மைக் காலத்தில் இல்லை.

காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தின் கதை வேறு. 2022-ல் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அறிவிக்கப்பட்டது முதல் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுப்பதை எதிர்த்து அந்த ஊர் போராடியது. கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நாடாளுமன்றத் தேர்தலை ஏறத்தாழ முழுமையாகப் புறக்கணித்தது. ஆனாலும் நிலம் எடுக்கும் பணிகள் நடந்தன. அந்த ஊரின் உறுதியில் எள்ளளவும் குறையில்லை. மேலூரில் அரசியல் கட்சிகள் அனைத்தும் ஒரு பக்கம் நின்றன. பரந்தூரில் மாநில அரசும் ஒன்றிய அரசும் திட்டத்தின் பக்கம் நின்றன. மேலூரின் பின்னால் ஒரு பாசனப் படுகையே இருந்தது. பரந்தூரின் பின்னால் இருப்பது, ஏற்கெனவே தன் ஆயக்கட்டுகளை இழந்து அக்கறை சிதறிவிட்ட பெருநகரம். மாடம்பாக்கமும் முடிச்சூரும் கேளம்பாக்கமும் இன்று ஏரிப்பாசன ஊர்களாக இருந்திருந்தால், ஏகனாபுரம் இவ்வளவு தனித்து நின்றிருக்காது. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் போனால் தலைமடையும் ஒருநாள் காயும் என்ற வேளாண் அறிவு அரசியலுக்கும் பொருந்தும்.

எழும் மறுப்புகள்

விவசாயிகளே விரும்பித்தானே நிலத்தை விற்றார்கள், இப்போது புலம்புவதில் என்ன பொருள் என்று ஒரு கேள்வி வரும். விற்றார்கள் என்பது உண்மை. ஆனால் விற்பனை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மேல்வயல் மனையாகும்போது வாய்க்கால் அறுபடுகிறது. கீழ்வயலுக்குத் தண்ணீர் வராது. அடுத்த போகத்தில் அவரும் விற்கிறார். முதலில் விற்றவருக்கு அது விருப்பம். கடைசியில் விற்றவருக்கு அது கட்டாயம். மேலும், விவசாயி விற்றது தன் பட்டா நிலத்தை மட்டுமே. வரத்துக்கால்வாயும் போக்குக்கால்வாயும் மேய்க்கால் புறம்போக்கும் விற்பனைப் பத்திரத்தில் இல்லை. அவை பொதுச் சொத்தாகவே நீடிக்கின்றன. காவல் காத்தவர் போனதால் அவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஆக்கிரமிப்புக்கு அதுவே அழைப்பாகிறது.

விவசாயிகளுக்குச் செல்வாக்கு ஏற்கெனவே அதிகம், அதனால்தான் தள்ளுபடிகள் கருவூலத்தைக் கரைக்கின்றன என்பது இரண்டாவது வாதம். பகிர்ந்து கொடுக்கும் பலன்களில் செல்வாக்கு உண்டு என்பதை மேலேயே ஒப்புக்கொண்டோம். ஆனால் நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் அதே செல்வாக்கு இல்லை. நீர்நிலைகளை உள்ளடக்கிய பெரிய பரப்புகளையும் சிறப்புத் திட்டங்களுக்கு ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் 2023-ல் பேரவையில் நிறைவேறியது. விவசாய அமைப்புகள் எதிர்த்தும் பின்னர் நடைமுறைக்கு வந்தது. 12,110 கோடி ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்ய வைக்கும் வலிமை உள்ளவர்கள், தங்கள் ஏரியைச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்க முடியவில்லை. கடன் தள்ளுபடியை வைத்து உழவரின் அதிகாரத்தை அளப்பது, வாய்க்கரிசியை வைத்து விருந்தை அளப்பது போன்றது.

மூன்றாவது மறுப்பே கனமானது. பழைய ஊர் அமைப்பு என்பது சாதி அமைப்பு. அதை மீட்பது யாருக்கு நன்மை? உத்திரமேரூர் வாரியத்துக்குத் தகுதி பெற, வரி செலுத்தும் நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. செங்கல்பட்டுச் சீமையின் மிராசு எனும் பரம்பரை நில உரிமை முறையில் உழுதவருக்கு நிலமில்லை. 1891-ல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர், இம்மாவட்டத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைதான் 1892-ல் அவர்களுக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்படக் காரணமானது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று இதே செங்கல்பட்டில் திரண்டவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இந்த வரலாற்றை மறைத்துவிட்டு ஏரிக்கரை நாட்களைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஊர் அதிகாரமே வேண்டாம் என்பதாக இருக்க முடியாது. நிலத்தோடு கட்டப்பட்ட அந்த அதிகாரத்தை வாழும் மனிதரோடு கட்ட வேண்டும் என்பதே பாடம். கிராம சபை அதைத்தான் செய்தது: ஏக்கர் கணக்கில் நிலமுள்ளவருக்கும் கூலிக்கு நாற்று நட்டவருக்கும் அங்கே ஒரே குரல். ஊராட்சி மாநகராட்சியாகும்போது அந்தச் சபையை இழப்பதில் முதல் நட்டம் நிலமில்லாதவருக்குத்தான். நிலமுள்ளவர் மனை விற்ற பணத்தோடு போகிறார்; அவருக்கு வேலை செய்தவர், வேலையும் இல்லாமல் சபையும் இல்லாமல் அதே ஊரில் இருக்கிறார்.

நான்காவதாக, குடியிருப்போர் நலச்சங்கங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, மதிப்போடு நினைக்க வேண்டிய பணி செய்திருக்கின்றன. சிட்லபாக்கத்தில் குடியிருப்போரும் இளைஞர்களும் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த பிறகு, 25 கோடி ரூபாய் ஒதுக்கி ஏரியைச் சீரமைத்தது அரசு. செம்பாக்கம் ஏரியும் தன்னார்வ அமைப்புகளின் முயற்சியால் சீரமைப்புக்கு வந்தது. மண்ணை உழாதவர்களுக்கும் ஏரியின் மேல் அக்கறை வரும் என்பதற்கு இவையே சான்று. ஆனால் அவர்களுடைய ஆயுதம் மனு, நீதிமன்றம், பத்திரிகைச் செய்தி. ஒவ்வொரு ஏரிக்கும் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முன்னின்ற நாலு பேர் ஓய்ந்தால் முயற்சியும் ஓய்கிறது. ஆயக்கட்டு விவசாயி மனு கொடுப்பவராக மதகுக்குப் போகவில்லை, பங்குதாரராகப் போனார்.

புதிய ஆயக்கட்டு

அந்தப் பங்கைப் புறநகர்வாசிக்குச் சட்டப்படி கைமாற்றிக் கொடுப்பதுதான் இன்றைய தேவை. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, பாசனம் நின்றுபோன ஏரிகளுக்கும் சங்கம் அமைக்க வேண்டும். மழைநீர் வந்து சேரும் மேற்பகுதியிலும், வெள்ளம் வழியும் கீழ்ப்பகுதியிலும், ஏரிக் கிணற்றிலிருந்து குடிநீர் பெறும் தெருக்களிலும் வசிக்கும் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினராக வேண்டும். வாடகை வீட்டுக்காரரும் சேர்த்து. அதுதான் இந்தக் காலத்தின் ஆயக்கட்டு. அந்தச் சங்கத்தின் தீர்மானத்துக்கு நீர்வளத் துறை, வருவாய்த் துறை, மாநகராட்சி மூன்றும் குறித்த நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரக் கடமைப்பட வேண்டும். ஓர் ஊராட்சி நகரத்தோடு இணையும்போது, பொது நிலமும் நீர்நிலையும் குறித்துக் கிராம சபைக்கு இருந்த உரிமைகள் அப்படியே பகுதி சபாவுக்கு மாற வேண்டும். இன்னும் ஏர் பிடிப்பவர்களுக்கும், கால்நடை வளர்ப்பவர்களுக்கும், கீரையும் பூவும் பயிரிடுபவர்களுக்கும் வார்டு குழுவில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். கால்வாய் எங்கே ஓடியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாநகராட்சி எல்லைக்கு அப்பால் இன்னும் நெல் விளையும் ஏரி ஆயக்கட்டுகளை, டெல்டாவைப் போலவே, வேளாண் மண்டலமாக அறிவிக்க வேண்டும். நகரத்தின் குடிநீருக்கு அது காப்பீடு.

இதற்கு விவசாயிகள் வந்து போராடுவார்கள் என்று காத்திருக்க முடியாது. இங்கே அவர்கள் மிகச் சிலர். தாம்பரம், சோழிங்கநல்லூர் தொகுதிகளில் லட்சக்கணக்கில் வாக்கு வைத்திருக்கும் நாம்தான் கேட்க வேண்டும். கொங்கு விவசாயி ஒரு யூனிட் மின்சாரத்தின் பைசாக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரசைக் கேட்டார். நம் வேட்பாளரிடம் நாம் கேட்க வேண்டியதும் அதே போலத் துல்லியமாக இருக்கட்டும்: எங்கள் ஏரியின் கலங்கல் எந்த உயரத்தில் இருக்கிறது, உபரிநீர் எந்தத் தெரு வழியாகப் போகும், அந்தக் கால்வாயின் அகலம் வருவாய்ப் பதிவேட்டில் எத்தனை அடி, தரையில் எத்தனை அடி? 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. ஒரு காலத்தில் அந்த விடைகள் அத்தனையும் இந்த ஊர்களில் நாற்று நடும் பெண்ணுக்கும் தெரிந்திருந்தன. அவர் அறிந்திருந்ததை நாமும் அறிந்துகொண்டு, அவருக்குச் சபையில் கிடைக்காமல் போன இடத்தையும் சேர்த்துக் கேட்டுப் பெறும் நாளில், மாடம்பாக்கம் ஏரிக்கு மறுபடியும் ஓர் ஆயக்கட்டு உருவாகும்.